முகப்பு விளக்கு எது, எச்சரிக்கை விளக்கு எது?

காரைக்குடிப் பக்கத்தில் பள்ளி வேன் ஓட்டும் ஒருவரிடம் கொடுத்திருந்த தமிழ்த் தாளில் ‘முகப்பு விளக்கு எரிந்தால் வண்டியை உடனே நிறுத்தவும்’ என்று அச்சடித்திருந்தார்கள். “ஹெட்லைட் எரியலேன்னாத்தானே நிறுத்தணும், எரிஞ்சா ஏன் நிறுத்தணும்?” என்று கேட்டார் அவர். நியாயமான கேள்வி. எழுதியவர் மனதில் இருந்தது டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு. டேஷ்போர்டை ‘முகப்பு’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

டேஷ்போர்டின் கதை சின்னதுதான். குதிரை வண்டிக் காலத்தில் குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் வண்டிக்காரர் மேல் படாமலிருக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். ‘டேஷ்’ என்றால் இங்கே சிதறி அடிப்பது. மோட்டார் வந்தது, குதிரை போனது, பலகையின் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதில் மீட்டர்களும் விளக்குகளும் ஏறின. நம் ஊரிலோ “ஆர்சி புக்கை டேஷ்போர்டுல வை” என்றால் பக்கத்து இருக்கைக்கு முன்னால் உள்ள கையுறைப் பெட்டியில் வைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம், அது இன்னொரு கூத்து.

சரி, ‘முகப்பு’க்கு வருவோம். முகத்திலிருந்து வந்த சொல், முன்பக்கம் என்று பொருள். (முகம் தமிழா வடமொழியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.) செட்டிநாட்டில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டுக்குப் போனால் வெளியே தெருவைப் பார்த்து நிற்பது முகப்பு, உள்ளே போனால் வளவு. அந்தக் கணக்கில் ஹெட்லைட் முகப்பில் இருக்கிறது, டேஷ்போர்டு வளவில் இருக்கிறது. எதிரே வருகிறவர் பார்ப்பதற்கு ஒன்று, ஓட்டுகிறவர் மட்டும் பார்ப்பதற்கு மற்றொன்று. ‘முகப்பு விளக்கு’ ஹெட்லைட்டுக்கு என்று ஏற்கெனவே ஊன்றிவிட்ட பிறகு, அதே சொல்லை உள்ளே இழுத்துவந்து மாட்டினால் எப்படி? ‘முகப்புப் பலகை’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை, கடை வாசல் பெயர்ப்பலகைதான் ஞாபகம் வருகிறது.

‘அபாய விளக்கு’ என்பார் சிலர். அது இன்னும் மோசம். நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குவதற்குத்தான் அந்தப் பேர் பொருந்தும். டேஷ்போர்டில் எரிவதெல்லாம் அபாயமும் இல்லை. நீலம் எரிந்தால் ஹைபீம் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மஞ்சளில் எஞ்சின் படம் எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சிவப்பில் ஆயில் கேன் படம் எரிந்தால்தான் ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும், ஏனென்றால் அது ஆயில் அளவைச் சொல்வதில்லை, ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்கிறது. இத்தனையையும் ‘அபாயம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால் நீலத்துக்கும் பயப்படுவார்கள், நாளாக ஆகச் சிவப்பையும் சட்டை பண்ணமாட்டார்கள்.

என் கட்சி இது: விளக்குக்கு ‘எச்சரிக்கை விளக்கு’ என்றே சொல்லலாம். பலகைக்கு ‘மானிப்பலகை’. வேகமானி, வெப்பமானி எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே படித்த சொற்கள், அவை உட்கார்ந்திருக்கும் பலகை மானிப்பலகை. கையுறைப் பெட்டி தானாகவே இதிலிருந்து கழன்றுவிடும். ஓட்டுநர்கள் “மீட்டர்ல லைட் எரியுது” என்கிறார்களே, அதுவும் ‘முகப்பை’விடத் தெளிவுதான்.

மொழிபெயர்க்கிறவர்கள் ஒருமுறை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். கிளப்புவதற்கு முன்னாலேயே எச்சரிக்கை விளக்குகளில் பெரும்பாலானவை எரியும். பழுது இல்லையென்றால் சில நொடியில், சில விளக்குகள் எஞ்சின் ஓடத் தொடங்கியதும், அணைந்துவிடும். விளக்கு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை அது. ஆகவே ‘எரிந்தால்’ என்பதே தப்பு. ‘அணையாமல் எரிந்தால்’ என்று எழுத வேண்டும்.

இதே ஆட்கள்தான் எஃப்சியை, அதாவது வண்டியின் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டை, ‘உடற்தகுதிச் சான்றிதழ்’ ஆக்குகிறார்கள். வண்டி என்ன போலீஸ் வேலைக்கா போகிறது, மார்பளவு எடுக்க? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு பேசுவது வண்டி ஓடத் தகுதியானதா என்பதை. வாடகை வண்டி, பஸ், லாரிக்கெல்லாம் எட்டு வயதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். ‘தகுதிச் சான்று’ போதும். ‘உடல்’ எங்கிருந்து வந்தது? வாயால் சொல்லும்போது “எஃப்சி காட்டணும்” என்றே சொல்லட்டும், அதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன்.