நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

உணவு ஆலோசனைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நேற்று கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும்வரை வாயில் போட்டதையெல்லாம் சொல்லுங்கள்." மூன்று வேளைச் சாப்பாட்டை மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். "நடுவில்?" என்றால் "ஒன்றுமில்லையே" என்பார்கள். சற்றுப் பொறுத்தால், "டீ குடிச்சேன். அதெல்லாம் கணக்கா?" என்று வரும்.

சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தும் எடை இறங்கவே இல்லை என்று ஓர் அம்மா வந்திருந்தார். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மேசையில் டப்பாவை வைத்து, வீட்டில் போடுகிற மாதிரியே எட்டு ஸ்பூன் டம்ளரில் போடச் சொன்னேன். குவித்துக் குவித்துப் போட்டார். நிறுத்தால் 48 கிராம். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு, சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் சேரும். முழுப் பழம் சேராது. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. டயட் என்று அவர் முதலில் கைவைத்தது பருப்பிலும் காய்கறியிலும். டீ, பிஸ்கட் அப்படியே இருந்தன. ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பதே 6 கிராம்தான். சமைக்காத பருப்பு 100 கிராமில் 20-லிருந்து 25 வரை. புரதம் குறைந்தால் இறங்கும் எடையில் தசையும் சேர்ந்தே கரையும், சீக்கிரம் பசிக்கும், கை பிஸ்கட்டைத் தேடும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.)

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வேறு எடுக்கிறார். டீயும் காபியும் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் என்றேன். சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும்.

எண்ணெய்க்கு நான் தரும் யோசனை ஒன்றே ஒன்று: பாட்டிலைச் சாய்த்து ஊற்றாதீர்கள், ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள். கிராமுக்கு 9 கலோரி. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். பாக்கெட் உணவில் ஒளிந்திருப்பதும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். டீ இரண்டாகியிருந்தது, ஸ்பூன் தலைதட்டியிருந்தது, மதியம் பருப்பு திரும்பியிருந்தது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "பேரப்பிள்ளை மிச்சம் வைக்கிறதையும் எழுதணுமா?" என்று கேட்டார்.

எழுதணும்மா, அதையும்தான்.