‘அன்ஃபார்ச்சுனட்லி’: அசை ஐந்து, உறுப்பு நான்கு

துரதிர்ஷ்டவசமாக என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லான ‘அன்ஃபார்ச்சுனட்லி’யைச் சிலபிள், அதாவது அசை, பிரிக்கச் சொன்னால் பல மாணவர்கள் எழுத்தை எண்ணுகிறார்கள். யு, ஓ, யு, ஏ, இ, கடைசியில் ஒய். ஆறு உயிர், ஆகவே ஆறு அசை என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை ஐந்து. ‘லி’க்கு முன்னால் நிற்கும் இ ஒலிப்பதே இல்லை. ஒலிக்காத எழுத்துக்கு அசை கிடையாது.

காதில் விழுவதை அப்படியே தமிழில் எழுதிப் பாருங்கள்: அன்ஃபார்ச்சுனட்லி. புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது அ, பா, சு, ன, லி. அன் – ஃபார் – ச்சு – னட் – லி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கைக்கு எட்டிய வழி இல்லை. ஆனால் ஒலிப்பு சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். ‘குயிக்லி’ என்று எழுதினால் மூன்று அசை. ‘க்விக்லி’ என்ற இரண்டே சரி. அந்த உகரம் நாம் சேர்த்துக்கொண்டது.

அழுத்தம் ‘ஃபார்’மேல் விழும். நான்காம் அசையை ‘னேட்’ என்று நீட்டுவது இங்கே மிகப் பரவலான பிழை. ‘ஏட்’ என்ற ஈறு வினைச்சொல்லில் நீளும், பெயரடையில் பெரும்பாலும் குறுகும். ‘பிரி’ என்ற பொருளில் செபரேட், ‘தனியான’ என்ற பொருளில் செப்ரட்.

சொல்லாக்கம் வேறு கணக்கு, அதில் உறுப்பு நான்கு. ஃபார்ச்சூன் பெயர்ச்சொல். அதன் ஈற்று இ போய் ‘ஏட்’ ஒட்டு சேர்ந்ததும் ஃபார்ச்சுனட் என்ற பெயரடை. அதன்பின் முன்னொட்டு ‘அன்’, கடைசியாக ‘லி’. இந்த வரிசையை மாற்ற முடியாது. ‘அன்ஃபார்ச்சூன்’ என்றொரு சொல் வழக்கில் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு எதிர்ச்சொல் மிஸ்ஃபார்ச்சூன்தான்.

இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இடம் நடுவிலுள்ள ‘ன்’. சொல்லாக்கத்தில் அது அடிச்சொல்லின் கடைசி ஒலி. அசையில் ‘னட்’டின் முதல் ஒலி. பால் + ஆடை, பா–லா–டை ஆவதைப் போலத்தான். மெய்யின்மேல் உயிர் ஏறுவது நமக்குப் பழகிய புணர்ச்சி. அதனால் அசை கேட்ட இடத்தில் ஒட்டுகளைப் பிரித்து எழுதினால் மதிப்பெண் போகும்.

எழுத்துக்கூட்டலில் தவறுவது அந்த ஒலிக்காத இ. ‘லி’ மெய்யில் தொடங்குவதால் இ அப்படியே நிற்க வேண்டும். ஆனால் ட்ரூலி, ட்யூலி, ஹோல்லி மூன்றிலும் அது போய்விடும். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கேர்ஃபுல் ஏற்கெனவே எல்லில் முடிவதால் கேர்ஃபுலியில் இரண்டு எல் வரும்.