திருகினாலும் நகராத குவியம்: பழைய மேக்ரோ லென்ஸ்களின் கணக்கு

1963இல் ஜப்பானின் நிப்பான் கோகாகு நிறுவனம் (இன்றைய நிக்கான்) வெளியிட்ட 55 மி.மீ. எஃப்/3.5 மைக்ரோ-நிக்கோர் லென்ஸில் மின்சாரத்துக்கு வேலையே கிடையாது. ஐந்து கண்ணாடிகள், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் ஓர் அபர்ச்சர், ஒன்றுக்குள் ஒன்று சுழன்று நீளும் திருகுமறைக் குழல்கள் ஆகியவைதாம் அதன் உடல். இதை இன்றைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்பு ஆடி இல்லாத) கேமராவில் மாட்டி ஒரு தும்பியின் கண்ணையோ பழைய தபால்தலையின் புள்ளிகளையோ படமெடுப்பவர், பழமையின் மீதுள்ள ஆசையால் தரத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று சிலர் எண்ணுவதுண்டு. திருமண மண்டபத்திலோ விளையாட்டுத் திடலிலோ அது உண்மையாக இருக்கலாம். மிக அருகிலிருந்து எடுக்கும் ‘மேக்ரோ’ படங்களில் அது பெரும்பாலும் உண்மையன்று. அதற்கான காரணம் ஒளியியலிலேயே இருக்கிறது.

இந்த லென்ஸின் முன்னோடி, 1956இல் அந்நிறுவனத்தின் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்காக வந்த 5 செ.மீ. எஃப்/3.5 மைக்ரோ-நிக்கோர். நூல்களையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் பதிவுசெய்வதே அதன் முதன்மை வேலை. இருபத்தாறே எழுத்துகளால் எழுதப்படும் ஆங்கிலப் பக்கம் சற்று மங்கினாலும் படித்துவிடலாம். பத்துப் பதினைந்து கோடுகள் நெருங்கிக் கிடக்கும், ஜப்பானியர் எழுதும் கான்ஜி எழுத்து மங்கினால் வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். ஆகவே நுண்கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறனும், தட்டையான தாளின் நடுவையும் மூலைகளையும் ஒரே கூர்மையில் வரையும் திறனும் அதற்குத் தேவைப்பட்டன. சாதாரண லென்ஸ்கள் தொலைவிலுள்ள பொருளை மனத்தில் வைத்துத் திருத்தப்படுபவை. பொருள் நெருங்க நெருங்க அவற்றில் கோளப் பிறழ்ச்சியும் (கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாமை) புல வளைவும் (தட்டையான பொருளின் நடுவும் ஓரமும் ஒருசேரக் கூர்மையாகாமை) தலைதூக்கும். மேக்ரோ லென்ஸ் அண்மைக்காகவே திருத்தப்படுவது. பிற நிறுவனங்கள் ‘மேக்ரோ’ என்று அழைப்பதை நிக்கான் மட்டும் இன்றுவரை ‘மைக்ரோ’ என்றே அழைத்துவருகிறது.

லென்ஸ் பொருளை நெருங்குவதற்கு என்ன செய்கிறது? சென்சாரை விட்டு விலகுகிறது. எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கான கணக்கு மிக எளிது: குவியத் தூரத்தை (லென்ஸின் பெயரிலுள்ள 55 மி.மீ.) உருப்பெருக்கத்தால் (உருவத்தின் அளவு பொருளின் அளவில் எத்தனை பங்கு என்பதால்) பெருக்கினால் போதும். 55 மி.மீ. லென்ஸ் பொருளின் பாதி அளவுக்கு உருவத்தை வரைய 27.5 மி.மீ. முன்னே நகர வேண்டும்; முழு அளவுக்கு, அதாவது 1:1க்கு, 55 மி.மீ. நகர வேண்டும். அவ்வளவு நீளும் குழலைத் தள்ளாட்டமின்றிக் கடைவது கடினம் என்பதால், அக்காலத்து மேக்ரோ லென்ஸ்கள் பல 1:2 உடன் நின்றுவிடும். மீதித் தூரத்துக்குத் தனியே ஒரு நீட்டிப்பு வளையம் தருவார்கள். நிக்கானின் பிகே-13 வளையத்தின் நீளம் சரியாக 27.5 மி.மீ. என்பது தற்செயலன்று.

இனி வருவது, மேக்ரோ எடுப்பவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தும் பெரும்பாலும் கணக்கிட்டுப் பார்க்காத ஒன்று. 1:1 நிலையில் 55 மி.மீ. லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 110 மி.மீ., லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே இன்னொரு 110 மி.மீ., ஆக மொத்தம் 220 மி.மீ. இருக்கும் (லென்ஸின் தடிமனை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை). இப்போது வளையத்தைத் திருப்பி லென்ஸை 2 மி.மீ. பின்னுக்கு இழுப்போம். சென்சார் பக்கத் தொலைவு 108 ஆகிறது. பொருள் பக்கம் ஏறத்தாழ 112.08 ஆகிறது, கூட்டினால் 220.08. லென்ஸ் 2 மி.மீ. நகர்ந்தும் கூர்மையாகத் தெரியும் தளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகரவில்லை; உருவத்தின் அளவு மட்டுமே சற்றுச் சுருங்கியிருக்கிறது. பொருளுக்கும் சென்சாருக்கும் இடையிலான தொலைவு 1:1இல்தான் மிகக் குறைவாக இருக்கும். பள்ளத்தாக்கின் அடிவாரத்தில் ஓரடி முன்னும் பின்னும் நடந்தால் உயரம் மாறாததைப் போன்றது இது. ஆகவே முழு அளவுப் படத்தில் வளையத்தைத் திருகி ஃபோக்கஸ் தேடுவது வீண் வேலை. வளையத்தால் உருப்பெருக்கத்தைத் தீர்மானித்துக்கொண்டு, பிறகு கேமராவையே இம்மி இம்மியாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முழு லென்ஸும் ஒரே கட்டாக நகரும் பழைய அமைப்பில், ஆட்டோஃபோக்கஸ் மோட்டார் இருந்திருந்தாலும் இந்த இடத்தில் அதனால் பயன் இருந்திருக்காது.

இன்றைய லென்ஸ்கள் வேறு வழியைப் பிடிக்கின்றன. உள்ளே சில கண்ணாடிகளை மட்டும் நகர்த்தி, குவியத் தூரத்தையே குறைத்து அருகே வருகின்றன. ‘100 மி.மீ.’ என்று பெயர் தாங்கிய லென்ஸ் 30 செ.மீ. தொலைவில் 1:1 தருகிறது என்றால், அந்த நிலையில் அதன் உண்மையான குவியத் தூரம் சுமார் 75 மி.மீ. என்று பொருள். குழல் நீளாதது பெரும் வசதிதான், மறுக்கவில்லை.

லென்ஸ் விலக விலக ஒளி பரந்து மெலியும். வளையத்தில் குறித்துள்ள எஃப்-எண்ணை (அபர்ச்சரின் அளவைச் சொல்வது; எண் கூடினால் துளை சிறுக்கும்), உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வரும் தொகையால் பெருக்கினால் உண்மையான எண் கிடைக்கும். 1:1இல் எஃப்/8 என்பது எஃப்/16 ஆக வேலை செய்கிறது, சென்சாரை எட்டும் ஒளி கால் பங்காகிறது. 1963ஆம் ஆண்டு லென்ஸில் இதற்கு ஓர் அழகான இயந்திரத் தீர்வு இருந்தது: அருகே ஃபோக்கஸ் செய்யச் செய்ய, சுருங்கியிருக்கும் அபர்ச்சர் தகடுகள் தாமாகவே சற்று விரிந்து அந்த இழப்பை ஈடுகட்டும். லென்ஸ் வழியாகவே ஒளியை அளக்கும் கேமராக்கள் பரவியபின் அந்த ஏற்பாடு தேவையற்றுப்போய்க் கைவிடப்பட்டது.

ஒளி இழப்பை நீண்ட எக்ஸ்போஷர் சரிசெய்துவிடும். சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவை எதுவும் சரிசெய்யாது. எஃப்/16இல் பச்சை ஒளியின் ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரோமீட்டர் அகல வட்டாகப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் முழுச்சட்டகச் (36×24 மி.மீ.) சென்சாரின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டர். அபர்ச்சரை எஃப்/22 வரை சுருக்கினால் 1:1இல் அது எஃப்/44 ஆகி, ஒரு புள்ளி பத்து பிக்சல் அகலத்துக்கு விரிந்துவிடும். மறுபக்கம், 1:1இல், குறித்த எண் எஃப்/8 என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்தான். எஃப்/22இல்கூட இரண்டரைக்குச் சற்று மேல். ஒன்றைக் கொடுத்தே மற்றதைப் பெற முடியும் என்ற இந்தப் பேரத்தில் பழைய லென்ஸும் இன்றைய விலையுயர்ந்த லென்ஸும் ஒரே நிலையில்தான் நிற்கின்றன. ஒளியின் அலைநீளம் இருவருக்கும் ஒன்றே.

பழைய லென்ஸைப் புதிய உடலில் மாட்ட முடிவதும் ஒரு கழித்தல் கணக்கே. நிக்கானின் ‘எஃப்’ வகைப் பொருத்தி கொண்ட லென்ஸ் சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும்; சோனி ஈ கேமராவில் அந்த இடைவெளி 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள 28.5 அல்லது 30.5 மி.மீ. இடத்தை நிரப்பும் கண்ணாடியற்ற வெற்றுக் குழல்தான் அடாப்டர். இடம் போதாவிட்டாலும் மேக்ரோவில் குடி முழுகிவிடாது. 42 மி.மீ. தொலைவுக்கான கேனன் எஃப்டி லென்ஸை 44 மி.மீ. தொலைவுள்ள இஎஃப் உடலில் மாட்டினால் தொலைதூரக் காட்சி கூர்மையாக வராது. அருகிலுள்ள பூச்சிக்கோ, அந்தக் கூடுதல் நீளம் இலவச நீட்டிப்பு வளையம்.

கேமராவின் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பை இயக்கி, உடலில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் குவியத் தூரத்தை 55 என்று பதிய வேண்டும். ஆடி வழியே காட்சியைப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் அபர்ச்சரைச் சுருக்கியதும் வியூஃபைண்டர் இருண்டுவிடும்; மின்னணு வியூஃபைண்டரோ அதே காட்சியைப் பிரகாசமாக்கிக் காட்டுகிறது. அடுத்தடுத்த பிக்சல்களுக்கிடையே வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களுக்கு நிறம் பூசிக் காட்டும் ஃபோக்கஸ் பீக்கிங் வசதியும் உண்டு. ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் அதை முழுதாக நம்ப வேண்டாம். காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதே பாதுகாப்பு.

குறைகளும் உள்ளன. சென்சாரின் முகம் ஃபிலிமை விடப் பளபளப்பானது; அதில் பட்டுத் திரும்பும் ஒளி லென்ஸின் பின்கண்ணாடியில் மோதி மீண்டு, சிறிய அபர்ச்சர்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டத்தை உண்டாக்கக்கூடும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் வாங்குபவர்கள் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சையின் நூலிழைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

இவ்வகை லென்ஸ்களுக்கு இன்று அதிகம் வாய்க்கும் வேலை, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் 35 மி.மீ. நெகட்டிவ்களை டிஜிட்டலாக்குவது. நெகட்டிவின் அளவு 36×24 மி.மீ.; முழுச்சட்டகச் சென்சாருக்கும் அதே அளவு என்பதால் 27.5 மி.மீ. வளையத்துடன் அது இம்மி பிசகாமல் பொருந்தும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ளவர்கள் 8 மி.மீ. நீளமுள்ள சிறிய பிகே-11ஏ வளையத்தை மாட்டி, லென்ஸைக் கடைசிவரை திருகினால் போதும்: மொத்த நீட்சி 35.5 மி.மீ., உருப்பெருக்கம் 0.645, சென்சார் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ 36.4×24.3 மி.மீ.