பல்லைச் சொன்னால் போதும், தண்ணீரைச் சொல்ல வேண்டாம்

போன வாரம் ஒரு நல்ல கதையை அதை எழுதியவரே கெடுத்து அனுப்பியிருந்தார். இந்த ஆண்டில் இப்படி வந்தது இது நான்காவது. பொறுத்தது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தர்மபுரியில் உட்கார்ந்து கதைகளையும் நாவல்களையும் செம்மையாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. பிழைதிருத்தத்தில் ஆரம்பித்தவன். ஒரு காலத்தில் சந்திப்பிழை என் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது கெடுப்பது கதைக்குள் இறக்கிவைக்கப்படும் தகவல் மூட்டை.

போன வாரக் கதையை எழுதியவர் பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர். முதல் பிரதியில் ஒரு காட்சி இருந்தது. அம்மாவும் மகளும் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள். ஸ்டுடியோக்காரர் "சிரிங்க" என்கிறார். மகள் விழுந்த பல்லின் ஓட்டை தெரிய, வாய் நிறையச் சிரிக்கிறாள். அம்மாவின் கை முந்தானை நுனியோடு வாய்க்குப் போகிறது. "கையை எடுங்கம்மா" என்று மூன்று முறை சொன்ன பிறகு, உதட்டை இறுக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா வளர்ந்தது பல்லில் கறை ஏற்றும் போர்வெல் தண்ணீரில். மகள் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாய் வந்த பிறகு பிறந்தவள். எந்த ஆண்டு என்று ஒரு எண்கூடப் போடாமல், 2013-க்குப் பிந்தைய கதை என்று அந்தப் பிள்ளையின் வெள்ளைப் பல்லே சொல்லிவிடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், இந்த அம்மா எத்தனை கல்யாணப் போட்டோவில் பின்வரிசையில் நின்றாள் என்பதெல்லாம் படிக்கிறவன் மனதில் தானாக ஓடும்.

இரண்டாம் பிரதி வந்தது. ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் கறை படியுமாம், இன்னும் கூடினால் எலும்பும் பாதிக்கப்படுமாம், கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்ததாம். ஒன்பது வரி! தகவலில் ஒரு தப்பும் இல்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்தவளிடம் யாரையா இப்படிப் பேசுவார்?

போன் செய்து ஏன் சேர்த்தீர்கள் என்றேன். "வெளியூர்க்காரங்களுக்குப் புரியணுமே சார்."

எனக்கு ஆகாத வாக்கியம் இதுதான். ஒரு வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு முதல்முறை போகிறீர்கள். வாசலில் நிறுத்தி வைத்து யாராவது குடும்ப வரலாறு வாசிக்கிறார்களா? மாலை போட்ட போட்டோ யாருடையது, எந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, மருமகள் எந்தக் கதவு வழியாக வருகிறாள் என்று நீங்களாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்குள் பாதி வீடு பிடிபட்டுவிடும். கதைக்குள் வரும் வாசகரும் அப்படித்தான். அந்த அம்மாவின் பல்லுக்கு என்ன காரணம் என்று தூத்துக்குடிக்காரருக்குத் தெரியாமல் போகட்டுமே. அவள் எதையோ மறைக்கிறாள், ரொம்ப நாளாக மறைத்து மறைத்துக் கை பழகிவிட்டது என்பது புரிந்தால் போதாதா? தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் அவரே தேடிப் படிப்பார். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அந்த ஆசையும் போச்சு.

இந்த வாக்கியத்தையும் மிஞ்சுகிற ஒருவர் உண்டு. "கதைக்குன்னு ஒரு உலகத்தைக் கட்டறதெல்லாம் ராஜா கதைக்கும் மந்திரவாதி கதைக்கும்தானே சார், நம்ம ஊர்க் கதைக்கு எதுக்கு?" என்பார். கேட்டுவிட்டு, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மண்ணில் நாயகனைப் பஸ்ஸிலிருந்து இறக்குவார். அந்த நெல்லிக்கனி எத்தனை கதையில் வந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ராத்திரி பத்தரைக்குத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவன் அதியமானையா நினைப்பான்? கடைசி டவுன் பஸ் போய்விட்டதா என்றுதான் பார்ப்பான்.

தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலைப் பள்ளியில் நெட்டுருப் போட்டோம். தெய்வத்துக்கு அடுத்து அதில் வருவது உணவு. அப்புறம் விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். ஊர்ப்பெருமைக்கு அதில் இடமே இல்லை.

யானை நடமாடும் தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கத்தில் கதை நடக்கிறது, ராகி முற்றி நிற்கிறது என்றால் அப்பா வீட்டில் படுக்கக்கூடாது. காட்டில் பரண்மேல் காவல் இருப்பார். யானை கதைக்குள் வரவே வேண்டாம். பையன் அவருக்குத் தூக்கில் களி எடுத்துக்கொண்டு போகட்டும். அம்மா "பொழுது இருக்கும்போதே வந்துடு" என்று சொல்லட்டும். மாசி, பங்குனியில் புளிக்குக் கொட்டை எடுக்கிற கூலிக்காரப் பெண்ணா? ராத்திரி களியைக் குழம்பில் தொடும்போது விரல் இடுக்கு எரிந்து அவள் கையை உதறினால் போதும், கிலோவுக்கு என்ன கூலி என்ற வரி தேவையில்லை. ஒரு காட்சிக்கு இப்படி ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

தப்பான விவரம் இதைவிட மோசம். ஒரு வரியில் நம்பிக்கை போய்விடும். 1960-ல் நடக்கும் கதையில் தர்மபுரி கலெக்டர் வேண்டாம். 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9-க்கு முன்னால் கிடையாது. 1995-ல் தொப்பூர் கணவாயில் லாரியைக் கவிழ்ப்பதாக இருந்தால் ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் கவிழுங்கள், 44 பின்னால் வந்த எண். மார்கழியில் தோத்தாபுரி மாம்பழம் பழுக்காது. ஆடியில் காவிரியில் வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள், காதலர்களை வேறு மாதத்தில் அனுப்பிவையுங்கள். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயி யாரையும் "ஏலே" என்று கூப்பிடமாட்டார். ஓசூர்க் கடைவீதியில் எல்லோரும் தமிழில் மட்டும் பேசினால் அது ஓசூர் இல்லை. கடைக்காரர் பாதிப் பேச்சில் தெலுங்குக்கோ கன்னடத்துக்கோ தாவட்டும். தயவுசெய்து அதை மொழிபெயர்க்காதீர்கள்.

இதெல்லாம் தெரியாதவர்களா நீங்கள்? உள்ளூர்க்காரர்கள்தானே. பேனாவை எடுத்ததும் ஏன் சுற்றுலா வழிகாட்டியாகிவிடுகிறீர்கள் என்பதுதான் என் ஆற்றாமை. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆசிரியர் நேற்று மூன்றாம் பிரதி அனுப்பினார். ஒன்பது வரியும் போய்விட்டது. அந்த இடத்தில் ஸ்டுடியோக்காரர் ஒரே வரி பேசுகிறார்: "நல்லாச் சிரிங்கம்மா, இருபது ரூபா சேத்துக் குடுத்தா கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கிடலாம்."

இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க அம்மா போட்டோவுக்கு அப்படித்தான் செஞ்சோம் சார்" என்றார்.