முகம் கொடுத்துப் பேசாதவர் மனசில் இடம்பிடிப்பது எப்படி?

1942இல் வந்த காசபிளாங்கா படத்தில் ஒரு சூதாட்ட மேசைக் காட்சி உண்டு. விடுதி நடத்தும் ரிக் யாரிடமும் ஒட்டாத மனிதர். அடுத்தவருக்காகத் தன் தலையைக் கொடுப்பதில்லை என்று வாய்விட்டே சொல்கிறவர். போருக்குத் தப்பி ஓடிவந்த ஒரு பல்கேரியப் பெண் அவர் முன்னால் வந்து உட்காருகிறாள். நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி வாங்கப் பணம் இல்லை. அனுமதி தரும் அதிகாரி எதிர்பார்ப்பது வேறு. ஊருக்கே திரும்பிப் போ என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு ரிக் எழுந்து போய்விடுகிறார். போகிற இடம் அவருடைய விடுதியிலேயே இருக்கும் ரூலெட் மேசை; சுழலும் சக்கரத்தில் எந்த எண் விழும் என்று பணம் கட்டும் சூதாட்டம். அங்கே அவளுடைய கணவன் இருக்கிற காசையும் தோற்றுக்கொண்டிருக்கிறான். 22இல் வைத்துப் பார்த்தாயா என்று அவனிடம் கேட்கிறார். சக்கரம் 22இல் நிற்கிறது. எடுக்காதே, அப்படியே விடு என்கிறார். மறுபடியும் 22. பணத்தை வாங்கிக்கொண்டு போ, இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிடுகிறார். ஓடிவந்து கட்டிக்கொண்ட பெண்ணிடம், உன் கணவனுக்கு அதிர்ஷ்டம் என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்.

37 எண்கள் கொண்ட சக்கரத்தில், முன்கூட்டியே சொன்ன எண் அடுத்தடுத்து இரண்டு முறை விழுவதற்கு 1,369இல் ஒரு வாய்ப்புதான். பார்க்கிற யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆனாலும் அது அதிர்ஷ்டம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ரிக் நல்லவர் என்று படம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலேயே நாம் முடிவுக்கு வந்துவிடுகிறோம். இந்த முடிவு நம் தலைக்குள் எப்படி உருவாகிறது என்பதை உளவியல் நன்றாகவே ஆராய்ந்து வைத்திருக்கிறது. சிடுசிடுப்பான, அதிகம் பேசாத, உள்ளே ஈரமுள்ள மனிதர்கள் உலகம் முழுக்கக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதற்கான காரணமும் அதில் இருக்கிறது.

முதல் படி 1961இல் நடந்த ஒரு சோதனையில் தெரிகிறது. எட்வர்ட் ஜோன்ஸ், கீத் டேவிஸ், கென்னத் கெர்கன் ஆகியோர் வேலைக்கான நேர்காணல் ஒலிப்பதிவுகளைச் சிலரைக் கேட்கவைத்தார்கள். ஒரு வேலை நீர்மூழ்கிக் கப்பலில். எல்லோருடனும் கலந்து பழகுகிற ஆள் தேவை. இன்னொன்று விண்வெளி வீரர் வேலை. தனிமையைத் தாங்கி, தனக்குள்ளேயே நிறைவாக இருக்கிற ஆள் தேவை. விண்ணப்பித்தவர் அந்த வேலைக்குப் பொருத்தமாகவே பேசியபோது, அவருடைய உண்மையான குணம் என்ன என்று கேட்டவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேலை வேண்டும், அதற்காக அப்படிப் பேசியிருக்கலாம் அல்லவா? பொருந்தாத விதமாகப் பேசியவர்களைப் பற்றியோ தயக்கமே இல்லாமல் தீர்ப்புச் சொன்னார்கள். எதிர்பார்ப்புக்கு மாறாக ஒருவர் நடந்துகொண்டால், அதுதான் அவருடைய நிஜமான குணம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் ஒரு உதவி செய்தால், பழக்கம், மரியாதை, நல்ல பெயர் எடுக்கும் ஆசை என்று பல விளக்கங்கள் அதற்கு உண்டு. எரிந்து விழுகிறவர் செய்யும் உதவிக்கு அவை எதுவும் பொருந்தாது. மிஞ்சுவது ஒரே விளக்கம்தான்: மனசு.

ஆனால் இது மட்டும் போதாது. கொடூரமான ஒருவன் திடீரென்று ஒரு நல்ல காரியம் செய்தாலும் அது எதிர்பாராததுதானே, அவனை ஏன் நாம் இப்படி நேசிப்பதில்லை? இந்தக் கேள்விக்கான பதில்தான் விஷயத்தின் மையம் என்பது என் எண்ணம்.

ஒருவரை எடைபோடும்போது 'அன்பானவர்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு குணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, பழகுவதற்கு இனிமை: சிரிப்பு, விசாரிப்பு, கலகலப்பு. மற்றொன்று, நேர்மை: ஏமாற்றாமை, பலவீனமானவரை மிதிக்காமை, சொன்னதைச் செய்தல். காலின் லீச், நவோமி எல்லெமர்ஸ், மனுவேலா பரேட்டோ ஆகியோர் 2007இலும், ஜெஃப்ரி குட்வின், ஜாரெட் பியாசா, பால் ரோசின் ஆகியோர் 2014இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தன. மதிப்பீட்டில் அதிக எடை நேர்மைக்குத்தான் கிடைத்தது. இனிமை நமக்குப் பிடிக்கும், ஆனால் ஒருவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பை எழுதுவது மற்றதுதான். முகநக நட்பது நட்பன்று, நெஞ்சத்து அகநக நட்பது நட்பு என்று குறள் பிரித்துக் காட்டுவதும் இதைத்தான்.

அன்றாட வாழ்க்கையில் இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே கண்ணில் படுவதால் பிரித்துப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. சிடுசிடுப்பான கதாபாத்திரம் அந்தச் சந்தர்ப்பத்தைத் தருகிறது. இனிமை சுத்தமாக இல்லை, நேர்மை நிறைய இருக்கிறது. ஒன்றை முழுக்க எடுத்துவிட்ட பிறகு மற்றது பளிச்சென்று தெரிகிறது.

அதனால்தான் இந்தப் பாத்திரத்தை எழுதுகிறவருக்கு மீறக்கூடாத ஓர் எல்லை இருக்கிறது. அவர் திட்டலாம், கதவை அறைந்து சாத்தலாம், நன்றி சொல்ல வந்தவரை விரட்டலாம். எல்லாம் இனிமைக் கணக்கில்தான் கழியும். ஆனால் தன்னைவிட எளியவரைக் கைநீட்டி அடித்தாலோ, நம்பியவரைக் காட்டிக்கொடுத்தாலோ கணக்கு இடம்மாறிவிடும். அறம் சார்ந்த விஷயத்தில் ஒரு கெட்ட செயல் பல நல்ல செயல்களைவிட அதிகம் பேசும் என்று ஜான் ஸ்கோவ்ரான்ஸ்கியும் டொனால்ட் கார்ல்ஸ்டனும் 1980களில் விளக்கினார்கள். கெட்டவனும் அவ்வப்போது நல்லது செய்வான், நல்லவன் அந்தக் கெட்டதைச் செய்யமாட்டான் என்று மனம் கணக்கிடுகிறது. முரட்டு நாயகனை மனைவியை அறையவிட்டு, அடுத்த காட்சியில் அவளுக்காகக் கண்கலங்க வைக்கும் கதைகள் எனக்குக் கோபத்தையே தருகின்றன. முரட்டுத்தனத்தையும் கொடுமையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, ரசிப்பது நம் பொறுப்பு என்று அவை எதிர்பார்க்கின்றன.

சரி, உதவி செய்கிறார், அதை ஏன் மறைக்க வேண்டும்? மோஷே ஹாஃப்மன், கிறிஸ்டியன் ஹில்பே, மார்ட்டின் நோவாக் ஆகியோர் 2018இல், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் விளையாட்டுக் கோட்பாட்டின் வழியாக இதற்கு ஒரு கணித மாதிரி அமைத்தார்கள். நல்ல செயலை மறைத்தால், அது யாருக்குமே தெரியாமல் போகும் அபாயம் உண்டு. அந்த அபாயத்தை ஏற்கிறவர், யாரோ எவரோ தன்னைப் பாராட்ட வேண்டும் என்ற தேவை இல்லாதவராக இருக்க வேண்டும்; அல்லது தெரிய வேண்டியவருக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்ற உறுதி உள்ளவராக இருக்க வேண்டும். ஆகவே மறைப்பதே ஒரு செய்தி ஆகிவிடுகிறது. என்றாவது வெளியே தெரிந்தால், செயலின் மதிப்போடு மறைத்ததன் மதிப்பும் சேர்ந்துகொள்கிறது.

என்றாவது தெரிந்தால் என்பதுதான் சிக்கல். முழுக்க மறைந்துவிட்டால் வாசகருக்கும் தெரியாது. அதனால் கதைக்கு ஒரு சாட்சி வேண்டும். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் டார்சி, தான் காதலிக்கும் எலிசபெத்தின் தங்கையைக் காப்பாற்றத் தான் வெறுக்கும் ஒருவனின் கடன்களை அடைத்து, கல்யாணத்தையும் நடத்திவைக்கிறார். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அந்தத் தங்கையே வாய்தவறி உளறுகிறாள். மீதியை அத்தையின் கடிதம் சொல்கிறது. டார்சி தானே சொல்லியிருந்தால் அது தற்புகழ்ச்சியாகப் போயிருக்கும். வேலைக்காரர், குழந்தை, எதிர்பாராமல் கிடைக்கும் கடிதம் என்று இந்த வகைக் கதைகளில் ஏதோ ஒரு வழியில் செய்தி கசிவது இதற்காகத்தான்.

வாழ்க்கையில் இப்படிச் சாட்சி கிடைப்பது அபூர்வம். கதையில் வாசகர் மூடிய கதவுக்குப் பின்னாலும் போய்ப் பார்க்கிறார். நிஜத்தில் நமக்குத் தெரிவது சிடுசிடுப்பு மட்டும். உள்ளே அன்பு இருந்தே தீரும் என்று அதை வைத்து முடிவுகட்ட ஆதாரம் இல்லை. கதையில் நம்மை நம்பவைத்தது அந்தக் கடுமை அல்ல, நாம் கண்ணால் பார்த்த செயல்.

திரைப்படத்துக்கு இன்னொரு கருவியும் கையில் இருக்கிறது: அசையாத முகம். சுமார் 1920இல் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி போன்ற காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார் என்றும், பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்றும் சொல்வார்கள். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. பின்னாளில் ஆய்வகங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவுகள் கலவையாகவே வந்தன. எனினும் 2006இல் டீன் மாப்ஸ் குழுவினர் மூளை ஸ்கேனுடன் செய்த ஆய்வில், சூழலுக்கு ஏற்ப ஒரே சாதாரண முகத்தை மக்கள் வேறுவேறாகப் படித்தது உறுதியானது. பேசாத மனிதரின் முகத்தில் நாம் பார்க்கும் வேதனையில் ஒரு பங்கை நாமே கொண்டுபோய் வைக்கிறோம். நம் சொந்த அனுபவத்திலிருந்து எடுத்து வைப்பதால்தான் அது அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது. இந்த வேடங்களில் நல்ல நடிகர்கள் குறைவாக நடிப்பது சோம்பல் இல்லை, இடம் விடுவது. கடைசியில் தன் கடந்தகாலத்தை எல்லாம் விளக்கி அவர் ஒரு நீண்ட வசனம் பேசினால், அந்த இடம் அடைபட்டுப் போகும்.

இந்தப் பாத்திரம் பெரும்பாலும் ஆணாகவே இருப்பதையும் கவனிக்க வேண்டும். விக்டோரியா பிரஸ்கால், எரிக் ஊல்மன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பணியிடத்தில் கோபத்தைக் காட்டிய ஆணுக்கு மதிப்புக் கூடியது, பெண்ணுக்குக் குறைந்தது. ஆண் கோபப்பட்டால் வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்தவர்கள், பெண் கோபப்பட்டால் அவள் குணமே அப்படி என்று நினைத்தார்கள். முரட்டு மனிதரின் கதை முழுக்க நிற்பது, இவர் இப்படி ஆனதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்ற சந்தேகத்தின் பலனில்தான். அந்தச் சலுகையை நாம் ஆண்களுக்கு எளிதாகத் தருகிறோம். கடுகடுப்பான, பேசாத, உள்ளே அன்புள்ள பெண்கள் கதைகளில் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்க வேண்டும். எழுத்தாளர்கள் முயன்றால் மாற்றக்கூடிய குறை இது.

மெல்ல மெல்ல இளகுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1965இல் எலியட் ஆரன்சனும் டார்வின் லிண்டரும் 80 கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒவ்வொரு மாணவியும் இன்னொருத்தியை ஏழு முறை சந்தித்தாள். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அவள் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பது காதில் விழும்படி ஏற்பாடு. கடைசியில், அவளை எவ்வளவு பிடிக்கிறது என்று மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே பாராட்டியவளுக்குச் சராசரி 6.42. முதலில் குறைசொல்லி, படிப்படியாக மனம் மாறிப் பாராட்டியவளுக்கு 7.67. பின்னால் வந்த எல்லாச் சோதனைகளிலும் இதே அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை என்றாலும், எளிதில் கிடைக்காத மதிப்பு மேலும் இனிக்கும் என்ற கருத்து நிலைத்தது.

இந்த மனிதர் பக்கத்தில் அடிக்கடி ஒரு குழந்தை வந்து நிற்பதும் தற்செயல் இல்லை. குழந்தையிடம் திருப்பித் தர எதுவும் இல்லை, எனவே உதவிக்குச் சுயநலக் காரணம் தேட முடியாது. தவிர, குழந்தை அவருடைய உறுமலைக் கண்டுகொள்வதில்லை. பெரியவர்கள் விலகிப்போகும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. விரட்டாமல் அவர் எவ்வளவு நேரம் விடுகிறார் என்பதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

ஆனால் நம் மதிப்பில் வரும் இந்த ஏற்றம் ஒரு முறைதான் கிடைக்கும். உள்ளே இருப்பது தெரிந்துபோன பிறகு, அடுத்த நல்ல செயலில் ஆச்சரியம் இல்லை. இரண்டு மணி நேரப் படத்துக்கு அது பிரச்சினையே இல்லை, அதற்குள் முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடர்களில்தான் தடுமாற்றம். அவரைச் சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்து, கடைசியில் யாரோ ஒரு சாதாரண நல்லவராக்கிவிடுகிறார்கள். தொழில் தெரிந்த எழுத்தாளர்கள் அவரைத் தொடுவதில்லை. அவரைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு புது ஆளைக் கதைக்குள் அனுப்புகிறார்கள். புது ஆள் முதல் நாளே திட்டு வாங்குகிறார், கோபித்துக்கொண்டு போகிறார். நமக்கு மட்டும் விஷயம் தெரியும். இந்த முறை சாட்சி நாம்தான்.