குளிரில் நிதானமாகப் பழுக்கும் காபி

குவாத்தமாலாவின் வடமேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி குச்சுமத்தானெஸ் மலைத்தொடர் இருக்கிறது. எரிமலைகளுக்குப் பேர்போன நாட்டில் எரிமலை அல்லாத மலை இது. உச்சி 3,800 மீட்டரைத் தாண்டும். அதன் சரிவுகளில், சில இடங்களில் 2,000 மீட்டர் உயரம் வரை, வேவேதெனாங்கோ வட்டாரத்துக் காபி விளைகிறது.

அந்த உயரத்தில் காபிச் செடி பிழைப்பதே பெரிய விஷயம். அராபிகா என்ற காபி இனத்துக்கு ஒத்துவரும் சராசரி வெப்பநிலை சுமார் 18 முதல் 22 டிகிரி. உறைபனி விழுந்தால் செடி கருகிவிடும். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலக் காபித் தோட்டங்கள் அப்படித்தான் அழிந்தன. வேவேதெனாங்கோவைக் காப்பது காற்று. மெக்சிகோவின் தெவாந்தெபெக் சமவெளியிலிருந்து வரும் வறண்ட வெப்பக் காற்று மலையில் ஏறி, உறைபனியை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. செடி சாகாத அளவுக்குக் கதகதப்பு, பழம் அவசரப்படாத அளவுக்குக் குளிர்.

சரி, ‘உயரத்தில் விளைந்தது’ என்று பாக்கெட்டில் பெருமையாகப் போடுகிறார்களே, உயரம் என்னதான் செய்கிறது? பெரும்பாலான வேலையைச் செய்வது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போனாலும் குளிர் கூடும். அதனால்தான் ஹவாயின் கோனா காபி ஆயிரம் மீட்டரைக்கூட எட்டாமலேயே பெயர் வாங்கியிருக்கிறது. மீட்டர் கணக்கை மட்டும் வைத்து இரண்டு நாட்டுக் காபியை ஒப்பிடுவது வீண் வேலை.

வெப்பமான இடத்தில் பழம் சீக்கிரம் சிவந்துவிடும். உள்ளே கொட்டை நிரம்பப் போதிய காலம் கிடைக்காது. குளிரில் பழுப்பது தள்ளிப்போகிறது. பூத்ததிலிருந்து ஒன்பது மாதம்கூட ஆகலாம். அவ்வளவு காலமும் இலைகள் தயாரிக்கும் சர்க்கரை கொட்டைக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். வறுக்காத கொட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உயரத்தில் விளைந்ததென்றால் நடுக்கோடு பெரும்பாலும் இறுக மூடி, கொஞ்சம் வளைந்து நெளிந்திருக்கும். தாழ்வான இடத்துக் கொட்டையில் அது நேராக, வாய் திறந்தாற்போல் இருக்கும். குவாத்தமாலாவில் சுமார் 1,350 மீட்டருக்கு மேல் விளைந்ததை ‘மிகக் கடினக் கொட்டை’ என்றே தரம் பிரிக்கிறார்கள்.

இந்தச் சர்க்கரை கோப்பைவரை அப்படியே வந்து சேர்வதில்லை. பச்சை, அதாவது வறுக்காத, அராபிகாவின் உலர் எடையில் 6 முதல் 9 சதவீதம் சுக்ரோஸ் என்ற சர்க்கரை. வறுக்கும்போது அதில் பெரும்பகுதி காணாமல் போகிறது. கொஞ்சம் கேரமல் ஆகும், கொஞ்சம் அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தரும். இன்னொரு பங்கு அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களாக உடையும். ஆக, நாக்கில் தட்டும் புளிப்புக்கும் சர்க்கரையே ஒரு காரணம்! கொட்டையில் ஏற்கெனவே இருக்கும் சிட்ரிக், மாலிக் அமிலங்களும் சேர்ந்தால்தான் அந்தப் பழச்சுவை. கருக வறுத்தால் இவை சிதைந்துபோகும். அப்புறம் எந்த மலையில் விளைந்திருந்தால் என்ன?

வேவேதெனாங்கோவின் சுவைக்கு இன்னொரு காரணம், கரடுமுரடான சாலை. பழத்தை மூட்டை கட்டி தூரத்து ஆலைக்கு அனுப்பினால் வழியிலேயே புளித்துவிடும். ஓடைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் விவசாயிகள் பலரும் தங்கள் இடத்திலேயே தோலுரித்து, தொட்டியில் நொதிக்கவிட்டு, கழுவி உலர்த்துகிறார்கள். கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பை நுண்ணுயிர்கள் தின்று கரைக்க வேண்டும். வெப்பமான ஊரில் ஓர் இரவில் முடிவது இங்கே ஒன்றரை நாள்கூட இழுக்கும். ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்தால் வழுக்காமல், கூழாங்கல் போலச் சொரசொரத்தால் பதம் சரி. விட்டுவிட்டால் வினிகர் வாடைதான். பிறகு ஈரப்பதம் 11 சதவீதம் அளவுக்கு வரும்வரை வெயிலில் காயும்.

ஒவ்வொரு தொட்டியும் ஒவ்வொருவர் கைப்பதம் என்பதால் அடுத்தடுத்த தோட்டங்களின் காபியே வேறு வேறாக இருக்கும். பல ஊர்க் காபியைக் கலந்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். ஒரே இடத்துக் காபி என்று தனியாக விற்பது இதைக் காட்டத்தான். ஆனால் ‘ஒரே இடம்’ என்பது ஒரு நாடா, வட்டாரமா, தோட்டமா என்பதற்கு உலகப் பொதுவிதி எதுவும் கிடையாது. வாங்கும்போது உயரத்தைவிடத் தோட்டத்தின் பெயரையும் அறுவடைக் காலத்தையும் தேடுவது நல்லது. பச்சைக் கொட்டையும் கிடங்கில் கிழடு தட்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் பழச்சுவை மங்கி, சாக்கு வாடை தலைதூக்கத் தொடங்கும்.