பரோட்டா மாஸ்டர் மணிக்கட்டும் மெடிக்கல் ஷாப் மாத்திரையும்

மதுரையில பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன். எங்ககிட்ட ஹோட்டல் மாஸ்டருங்க நிறைய வர்றாங்க, அதுலயும் பரோட்டா மாஸ்டருங்க வர்றப்பவே வலி நல்லா முத்திப்போயிருக்கும். ஏண்ணே இவ்ளோ லேட்டுன்னு கேட்டா, "இந்த வேலைன்னா வலிக்கத்தான் செய்யும் சார், மாத்திரை போட்டா கேட்டுரும்"னு சொல்லுவாங்க. அந்த மாத்திரைதான் எனக்கு பெரிய பயம்.

மொதல்ல வேலைய பாருங்க. மத்தியானம் மைதாவ கொட்டி பெசஞ்சு உருண்டை புடிச்சு எண்ணெயில ஊற வெச்சா, சாயந்தரத்துல இருந்து வீசி சுத்தி கல்லுல போட்டு, வெந்தத அடுக்கி சூட்டோட ரெண்டு கையாலயும் அடிக்கணும், நடுவுல கொத்து ஆர்டர் வேற, கடை அடைக்கிற வரைக்கும் இதேதான். வீசறப்ப கட்டைவிரல் விரிஞ்சு மணிக்கட்டு சொழலும், அந்த விரல இழுக்கற ரெண்டு தசைநாண் மணிக்கட்டு ஓரமா ஒரு குறுகலான உறைக்குள்ள ஓடுது, உரசி உரசி அது தடிச்சுப்போயிடும். டி குவர்வெய்ன்னு சொல்லுவோம். கட்டைவிரல உள்ளங்கையில மடக்கி மத்த விரலால மூடிக்கிட்டு, மணிக்கட்ட மெதுவா சுண்டுவிரல் பக்கம் சாய்ச்சு பாருங்க, கட்டைவிரல் பக்கம் சுரீர்னா தள்ளிப்போடாம வந்து காட்டிடுங்க. சமீபத்துல வந்த ஒருத்தரால டீ கிளாஸ வலது கையில புடிக்க முடியல, இடது கைக்கு மாத்தி குடிச்சிட்டு, இன்னிக்கு சாயந்தரம் கல்லுல நிக்கலாமா சார்னு கேக்குறாரு.

இப்ப மாத்திரைக்கு வர்றேன். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைய டாக்டர் சீட்டே இல்லாம வாங்கி தெனமும் போடறாங்க. அடுப்பு சூட்டுல வேர்வையா கொட்டுது, தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு போகணும், ஆர்டர் நேரத்துல கல்ல விட்டு நகர முடியாதுன்னு தண்ணியே குடிக்கறதில்ல. உடம்புல தண்ணி கொறஞ்சா கிட்னிக்கு போற ரத்தம் கொறையும், அப்ப கிட்னி தன்னோட ரத்தக்குழாய விரிச்சு சமாளிக்கும், இந்த மாத்திரை அந்த விரியறதத்தான் தடுக்குது, அதனால கிட்னி பழுதாகலாம். பிபி, சுகர் இருக்கறவங்களுக்கு இன்னும் ஆபத்து. யூரின் அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம், அந்த நேரத்துல தயவுசெஞ்சு மாத்திரைய போடாதீங்க.

ஓனருங்களுக்கும் சொல்றேன், மாவு பெசையற மேடை மாஸ்டரோட முழங்கைக்கு கீழ இருக்கணும், ஒசரமா இருந்தா தோளத் தூக்கித் தூக்கியே தோள்பட்டை போயிடும். நின்னுக்கிட்டே இருந்தா கெண்டைக்கால் தசை ரத்தத்த மேல தள்ளாது, கால்ல ரத்தக்குழாய் புடைச்சு சுருளற வெரிகோஸ் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம், அதனால ஒரு கால மாத்தி மாத்தி வெச்சுக்க சின்ன பலகை போடுங்க. கடை ஊழியர்கள் உக்கார சீட் குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டத்திருத்தம் வந்தாச்சு, அடுப்படியில ஒரு ஸ்டூல நான் பாத்தது ரொம்ப கம்மி.

லீவு போட்டா கூலி போயிடும்னுதான் வலியோட நிக்கறாங்க, அது எனக்கு புரியுது. ஆனா 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற ஹோட்டல்ல, மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு உண்டு. பணம் ஒழுங்கா கட்டியிருந்தா, டாக்டர் சர்டிஃபிகேட்டோட வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் கெடைக்கும். உங்க பேர்ல கட்டறாங்களான்னு கேளுங்க மாஸ்டர், ஈஎஸ்ஐ நம்பர கையில வாங்கி வெச்சுக்கோங்க.